கையில் ஒட்டிய 1501

என் உத்தியோகத்தின் பெயர் தொழில்நுட்பச் சேவைகள் நூலகர். இதை ஒரே தடவையில் விளங்கிக்கொண்ட மனிதரைத் திருகோணமலையில் நான் இன்னும் சந்திக்கவில்லை. அம்மா அயலட்டைக்குக் கொடுத்த விளக்கத்தின் பலனாக ஆறு மாதத்துக்குள் பாலையூற்றில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இரண்டு பழுதான கைத்தொலைபேசிகளும் ஒரு ரைஸ் குக்கரும் வந்து சேர்ந்தன. குக்கரின் வயர் ஒன்று கழன்றிருந்ததால் அதை மட்டும் என்னால் திருத்திக் கொடுக்க முடிந்தது. அது நான் செய்த பெரிய பிழை. அதற்குப் பிறகு ஒருவரும் என் விளக்கத்தைக் கேட்கவில்லை.

உண்மையில் என் வேலை, ஒரு புத்தகம் பெட்டியை விட்டு வெளியே வருவதற்கும் வாசகரின் கைக்குப் போவதற்கும் இடையில் நடப்பது எல்லாம்தான். வாங்க வேண்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டும், எந்த இறாக்கைக்கு, அதில் எந்தத் தட்டுக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும், கணினியில் விபரம் அடிக்க வேண்டும், லேபல் ஒட்ட வேண்டும். அத்தனையும் பின் அறையில். துறைமுகத்தைப் பார்த்த வீதியில் ஒரு நற்பணிச் சபை நடத்தும் சிறிய நூலகம் எங்களுடையது. பின் அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு மின்விசிறி, கதவு மூடினால் அமைதி. மனிதர்களோடு அதிகம் கதைக்க வேண்டியதில்லை. என் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உலகத்தில் இல்லை.

இதற்கு முன் புல்மோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் ஐந்து வருடம் மற்றவர்களின் லீவு விண்ணப்பங்களை ரைப் செய்தேன். சனி, ஞாயிறுகளில் நூலகவியல் டிப்ளோமா படித்தேன். இந்த வேலை கிடைத்ததும் இராஜினாமாக் கடிதத்தோடு போய் நின்றபோது அந்த அலுவலகத் தலைவர் கடிதத்தைப் பார்க்காமலே சிரித்தார். "போயிட்டு வாங்கோ. உங்கட கதிரையை எடுக்கமாட்டம். ஒரு வருசத்தில நீங்கள் திரும்பி வருவீங்கள்" என்றார். நூலக வேலைக்கு ஒரு வருடம் தகுதிகாண் காலம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வருடம் முழுக்க அந்தக் கதிரை என் கனவில் வந்தது. அதில் நான் மறுபடி உட்காரக் கூடாது என்பதுதான் என் இலட்சியம். வேறு பெரிய இலட்சியம் ஒன்றும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

பிரதம நூலகர் அதிகம் கதைக்காத மனிதர். முதல் நாளே நிபந்தனையைச் சொல்லிவிட்டார். "காட் முறையை விட்டிட்டு முழுதாக் கொம்பியூட்டருக்கு மாறோணும். எல்லாப் புத்தகத்துக்கும் பார்கோட். சபை வந்து இருப்புப் பார்க்கேக்க ஒரு புத்தகமும் பிழைக்கக் கூடாது. அது சரியெண்டால் உங்கட நியமனமும் சரி."

முன்மேசையில் ஒரு பெண் இருந்தார். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பன்னிரண்டு வருடமாக அதே மேசையில் இருக்கிறார். இப்போது அவரை ராத்தா என்கிறேன். கிண்ணியாவில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த நாட்களில் எங்களுக்குள் 'மிஸ்'தான். அவர் சிரித்தால் அந்தச் சத்தம் பின் அறைக் கதவைத் தாண்டி வந்து என் மேசையில் உட்காரும். நூலகத்தில் சிரிக்கிற நூலகரை எந்தப் பாடத்திட்டமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் பத்து மணிக்குத் தன் பிளாஸ்கிலிருந்து இரண்டு கோப்பையில் இஞ்சித் தேநீர் ஊற்றி, ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். தேநீரைக் குடித்துக்கொண்டே சிரிப்பைத் திட்டுவேன்.

அந்த வருடப் பெருநாளுக்கு அவர் ஒரு வட்டமான பிஸ்கற் பேணி நிறையத் தொதல் கொண்டுவந்து தந்தார். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் எல்லாச் சமயத்துக்கும் பொதுவான சட்டம். டிசம்பரில் எங்கள் நத்தாருக்குப் பலகாரம் போட்டு அனுப்புவோம் என்று அம்மா பேணியைக் கழுவி வைத்தார். நத்தார் வந்தது, போனது. பேணி எங்கள் குசினியில் மிளகாய்த்தூளோடு குடியேறிவிட்டது.

லேபல் ஒட்டும் வேலையை நான் தனியாகவே செய்தேன். உதவிக்கு வரட்டுமா என்று ராத்தா இரண்டு தரம் கேட்டார். பழக்கமில்லாத கை பட்டால் கோணும் என்று மறுத்துவிட்டேன். இலக்கமும் பார்கோடும் அச்சடித்த லேபல்கள் கொழும்பிலிருந்து ரோல் ரோலாக வந்தன. ஒரு ரோலில் ஐந்நூறு. பதிவேட்டின் ஒழுங்கில் புத்தகங்களை அடுக்கி, முதலாம் புத்தகத்துக்கு முதலாம் லேபல், இரண்டாவதுக்கு இரண்டாவது என்று ஒட்டிக்கொண்டு போகவேண்டும். லேபலில் புத்தகத்தின் பெயரையும் அச்சடிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். வெறும் இலக்கம்தான் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் ஊரின் உப்புக்காற்றுக்குப் பசை நிற்காது. கொழும்பில் வருடக்கணக்காக ஒட்டிக்கொண்டிருக்கும் லேபல் இங்கே பத்து நாளில் சுருண்டு விழும். அதனால் புதிய ரோல் ஒன்றைத் திறந்ததும் அதன் முதல் லேபலை என் முழங்கைக்குக் கீழே ஒட்டிப் பார்ப்பேன். உரிக்கும்போது மயிர் பிடுங்கி நொந்தால் பசை நல்லது. பிறகு அதே லேபலை எடுத்து முதல் புத்தகத்தில் ஒட்டுவேன். இது நானே கண்டுபிடித்த முறை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நான்காவது ரோலைத் திறந்த அன்றைக்கு, 1501 என் கையில் ஒட்டியிருந்த நேரத்தில், வாசல் காவலாளி கத்தினார். "மிஸ்! மான் பெட்டியைத் தின்னுது!"

திருகோணமலை மான்களுக்குப் புல்லைவிடக் கடதாசியில் ருசி அதிகம். பின்கதவருகே இறக்கி வைத்திருந்த புதிய புத்தகப் பெட்டியின் ஒரு மூலையை ஒரு கலைமான் நிதானமாக மென்றுகொண்டிருந்தது. நான் தும்புத்தடியோடு ஓடினேன். அது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இன்னொரு வாய் எடுத்துக்கொண்டு போனது. பெட்டியை உள்ளே இழுத்து, புத்தகங்கள் தப்பினவா என்று பார்த்து, மூச்சு வாங்கி வந்து உட்கார்ந்து, ரோலில் அடுத்ததாக இருந்த லேபலை எடுத்து முதல் புத்தகத்தில் ஒட்டினேன். பிறகு அடுத்தது. பிறகு அதற்கு அடுத்தது. ரோல் முடிந்தபோது, அதற்கென்று அடுக்கிய ஐந்நூறில் ஒரு புத்தகம் லேபல் இல்லாமல் மிஞ்சியது. ஒன்று குறைத்து அனுப்பியிருக்கிறான் என்று கொழும்புக் கடைக்காரரை வாயாரத் திட்டிவிட்டு அடுத்த ரோலைத் திறந்து தொடர்ந்தேன். கடைசிப் புத்தகம்வரை அப்படியே போனது.

கணினியில் கடன் கொடுக்கத் தொடங்கி இரண்டாம் நாள் ராத்தா பின் அறைக்கு வந்தார். "மிஸ், நான் ஒரு புத்தகத்தை ஸ்கான் பண்ணினா ஸ்கிரீன்ல வேற பேர் வருது."

"ரெண்டு தரம் அமத்தியிருப்பீங்கள்" என்றேன், தலை நிமிராமல்.

தவணை முடிந்தவர்களுக்குக் கணினி தானாகவே குறுஞ்செய்தி அனுப்பும். முதல் தொகுதி போன மறுநாள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் ஐயா தொலைபேசியை நீட்டிக்கொண்டு வந்தார். அவர் எடுத்துப் போனது பூச்சாடியில் மரக்கறி வளர்க்கும் புத்தகம். செய்தியோ மகப்பேற்றுக்குப் பின் தாயைப் பராமரிக்கும் நூலைத் திருப்பித் தரச் சொன்னது.

"எனக்கு எழுபது வயசு. மனுசிக்கு அறுபத்தாறு" என்றார் ஐயா. "ரெண்டு பேரும் சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்திட்டுது. ஆனா அந்தப் புத்தகம் எங்களிட்ட இல்லைப் பிள்ளை."

ராத்தாவின் சிரிப்பு கூரைக்குப் போனது. எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. ஐயாவுக்குப் பின்னால் ஒரு கன்னியாஸ்திரி நின்றார். அவருடைய தொலைபேசியில் குத்துச்சண்டை பழகும் முறை. வாசகர்கள் முன்னாலேயே நான் வெடித்தேன். "ஸ்கான் பண்ணத் தெரியாத ஆக்களை முன்மேசையில வைச்சிருந்தால் இப்பிடித்தான் நடக்கும்!" அதோடு நிற்காமல் பிரதம நூலகருக்கு எழுத்தில் முறைப்பாடும் கொடுத்தேன். அவர் ராத்தாவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். பன்னிரண்டு வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதலாவது கடிதம் அது. மறுநாள் பத்து மணிக்கு அவர் ஒரு கோப்பையில் மட்டும் தேநீர் ஊற்றினார்.

நூலகம் அமைதியாக இருந்தது. நான் கேட்ட அமைதிதான். ஆனாலும் எனக்கு வேலை ஓடவில்லை.

என் பக்கம் சரியென்று ஒரேயடியாக நிரூபித்துவிட வேண்டும் என்று ஸ்கானரைத் தூக்கிக்கொண்டு இறாக்கைக்குப் போனேன். ஒரு புத்தகத்தை எடுத்து அழுத்தினேன். பிழையான பெயர் வந்தது. ஒரே தரம்தான் அழுத்தினேன். அடுத்ததும் பிழை. பதிவேட்டை விரித்து ஒத்துப் பார்த்தேன். ஒவ்வொரு புத்தகமும் தன் பெயரைச் சொல்லாமல், பதிவேட்டில் தனக்கு அடுத்துள்ள புத்தகத்தின் பெயரைச் சொன்னது. பூச்சாடி மரக்கறிக்கு அடுத்த வரியில் தாய் நலம் இருந்தது. 1500 வரை எல்லாம் சரி. 1501ஆம் புத்தகத்தில் 1502 என்ற லேபல். அங்கிருந்து கடைசிவரை ஆயிரத்து முன்னூறு புத்தகங்களும் ஒன்று தள்ளி நின்றன. ஒட்டியது என் கை. வேறு எந்தக் கையையும் நான்தான் பக்கத்தில் விடவில்லையே.

இதைச் சரிசெய்ய எனக்குப் பத்து நிமிடத்தில் வழி தெரிந்துவிட்டது. வேலை தெரியாதவள் என்று என்னை ஒருவரும் சொல்ல முடியாது. லேபல்களை உரிக்கத் தேவையில்லை. 1502 என்ற லேபலை 1501ஆம் புத்தகத்தோடு, 1503ஐ 1502ஆம் புத்தகத்தோடு என்று கணினியில் ஒரு கட்டளை கொடுத்து எல்லாவற்றையும் ஒரு படி இறக்கினால் முடிந்தது. எந்த லேபல் எந்தப் புத்தகத்துக்கு என்பதை மாற்ற என் ஒருத்திக்குத்தான் அனுமதி இருந்தது. பிழை மறைந்துவிடும். ஒருவருக்கும் தெரியவராது. சபை மூன்று நாளில் வருகிறது. ராத்தாவின் கடிதம் மட்டும் அவருடைய சேவைக் கோவையில் அப்படியே இருக்கும்.

கட்டளையை அடித்து வைத்தேன். செயற்படுத்தவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

அம்மா மீன்குழம்புக்கு அடுப்பில் சட்டி வைத்திருந்தார். "அந்த மிளகாய்த்தூளை எடு பிள்ளை. நம்பர் ஒட்டின பேணி."

எடுத்தேன். ராத்தாவின் பிஸ்கற் பேணி. அதன் மூடியில், கோணாமல், சுருளாமல், 1501.

"இது எங்கால வந்தது?"

"மான் கலைச்ச அண்டைக்கு உன்ர கையில ஒட்டிக்கொண்டு வந்தது. நீ உரிச்சு மேசையில போட்டிட்டுக் குளிக்கப் போனனி. நல்ல பசை, வீணாப்போகும் எண்டு நான்தான் ஒட்டினனான். மல்லித்தூள் பேணியும் இதுவும் ஒரே மாதிரி. ரெண்டு தரம் மாறிப் போட்டிட்டன். இப்ப குழப்பமில்லை."

நான் குசினிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. டிப்ளோமா எடுத்த என் ஆயிரத்து முன்னூறு லேபல்களும் பிழை. என் அம்மாவின் ஒரு லேபல் சரி. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கிண்ணியாப் பிள்ளையின்ர பேணியெல்லே அது. இன்னும் திருப்பிக் குடுக்கேல்லை. என்ன நினைக்குதோ" என்றார். அதோடு சிரிப்பு நின்றுபோனது. வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு கோப்பைத் தேநீரில் அதைச் சொல்லிவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் பிரதம நூலகரின் அறைக்குப் போய், மான், கை, பேணி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேசையில் என் நியமனக் கடிதம் ரைப் அடித்து, கையெழுத்துக்குக் காத்திருந்தது. தலைகீழாக இருந்தாலும் என் பெயரை நான் வாசித்துவிட்டேன்.

"இதை ஏன் எனக்குச் சொல்றீங்கள்?" என்றார். "நீங்களே சத்தமில்லாமல் சரிபண்ணியிருக்கலாமே."

"முன்மேசை மிஸ்ஸுக்குக் குடுத்த கடிதத்தைத் திருப்பி எடுக்கோணும் சேர்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் கடிதத்தை எடுத்து இலாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "தகுதிகாண் இன்னும் மூண்டு மாசம். சபையை ஒரு மாசம் தள்ளி வரச் சொல்றன். கட்டளை போட்டால் மட்டும் காணாது. ஒவ்வொரு புத்தகத்தையும் கையில எடுத்துப் பார்க்கோணும். ரெண்டு பேர் சேர்ந்து." மற்ற ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. காவலாளியை விட்டால் எங்கள் நூலகத்தில் மிஞ்சியது முன்மேசை மிஸ் மட்டும்தான்.

புல்மோட்டைக் கதிரை அன்றைக்கு மிகக் கிட்ட வந்து நின்றது.

ராத்தா தன் கடிதம் திரும்பிய செய்தியைக் கேட்டதும், முந்தானையைச் சரிசெய்துகொண்டு இறாக்கைப் பக்கம் வந்தார். அவருடைய கணவர் துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கும் வேலை செய்பவர். "எங்கட ஊட்டுக்காரர் எப்பிடிச் செய்யிற தெரியுமா?" என்றார். "ஒரு ஆள் கப்பல்ல. ஒரு ஆள் ஜெட்டியில. ரெண்டு பேரும் தனித்தனி எழுதுற. ஒருத்தர் எழுதினத மத்தவர் பாக்கப்படாது. கடைசியில சத்தமாச் சொல்லி ஒத்துப் பாக்குற. ஒரு ஆளே ரெண்டு பக்கமும் நிண்டா எல்லாம் சரியாத்தான் வரும், மிஸ்."

கடைசி வசனம் எனக்குத்தான். வாங்கிக்கொண்டேன்.

அடித்து வைத்த கட்டளையைச் செயற்படுத்திவிட்டு, நூலகம் திறக்க முன் காலையில் ஒரு மணித்தியாலம் என்று பதினெட்டு நாள் செய்தோம். அவர் புத்தகத்தைத் திறந்து உள்ளே மையில் எழுதிய இலக்கத்தையும் பெயரையும் கூவுவார். நான் அதன் முதுகில் உள்ள லேபலை ஸ்கான் செய்து திரையில் வந்ததைக் கூவுவேன். ஒத்தால் அடுத்தது. இறாக்கைகளுக்கு நடுவில் நாங்கள் போட்ட சத்தத்தைக் கேட்டு, காவலாளி ஏலம் நடக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். தாய் நலம் வந்தபோது ராத்தா பெயரை வாசிக்க முடியாமல் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. "ஐயாவுக்கு ஆம்புளப் புள்ளயா, பொம்புளப் புள்ளயா மிஸ்?" என்றார். நான் நிலத்தில் உட்கார்ந்து சிரித்தேன். நூலகத்தில், அதுவும் அவ்வளவு சத்தமாக. அன்றைக்குப் பத்து மணிக்கு என் மேசைக்கும் ஒரு கோப்பை வந்தது.

ஆனாலும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாய் எடுப்பேன். மேசையில் தூசு இருக்கிறது என்று ஏதாவது சொல்லி முடிப்பேன். என் வாயின் அமைப்பு அப்படி.

ஆயிரத்து முன்னூறும் ஒத்தன. கணினியில் 1501 என்ற இலக்கம் மட்டும் அநாதையாக நின்றது. சபையின் இருப்புப் படிவத்தில் வெற்று இலக்கம் இருக்க முடியாது. "லேபல் கிழிஞ்சு போச்செண்டு எழுதுங்கோ" என்றார் பிரதம நூலகர். அது பொய். லேபல் எங்கள் குசினியில் நல்ல சுகத்தோடு இருந்தது. உரிக்கப் பார்த்தேன், உப்புக்காற்றுக்கு நிற்காத பசை தகரத்தில் அசையமாட்டேன் என்றது. ஆகவே என் தொழில் எனக்குக் கற்றுத் தந்ததைச் செய்தேன். பேணியைப் பதிவு செய்தேன். பொருள்: வட்டமான தகரப் பேணி, மூடியுடன். வந்த வழி: அன்பளிப்பு, கிண்ணியா. நிலை: கடன் கொடுக்கலாம். கீழே, ஊழியர்களுக்கு மட்டும் தெரியும் குறிப்புப் பகுதியில் இரண்டு வரி அடித்தேன்.

சபை வந்தது, பார்த்தது, போனது. 1501 பற்றி ஓர் உறுப்பினர் கேட்டார். பிரதம நூலகர், "அது கலன் வகை" என்றார். உறுப்பினர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். மூன்று மாதம் முடிந்த அன்று இலாச்சி திறந்தது. நியமனக் கடிதம் என் கைக்கு வந்தது.

அம்மா பேணியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, பயற்றம் பணியாரம் நிறைத்துத் தந்தார். அதை முன்மேசையில் வைத்துவிட்டுப் பின் அறைக்குத் தப்பிப்போகப் பார்த்தேன். ராத்தா விடவில்லை. மூடியில் லேபலைக் கண்டதும் குறும்பாக ஸ்கானரை எடுத்து அழுத்தினார். திரையில் பேணியின் பதிவு வந்தது. வாசித்துக்கொண்டே கீழே போனார். குறிப்புப் பகுதிக்கு வந்ததும் நின்றார். பிறகு மெல்ல, வாய்விட்டு வாசித்தார்.

"இந்த இலக்கத்தால் ஏற்பட்ட பிழை முழுவதும் பின் அறையினுடையது. முன்மேசை முதலிலேயே சொன்னது. பின் அறை கேட்கவில்லை. அதற்காகப் பின் அறை வருந்துகிறது."

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இத வாயால சொல்ல ஏலாதா?" என்றார். கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"ஏலாது ராத்தா" என்றேன். அந்தச் சொல் அன்றைக்குத்தான் முதல் தரம் வந்தது.

அவர் ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தார். "மிளகாய் வாசம் அடிக்கிது" என்றார். இன்னொன்றையும் எடுத்தார். பிறகு தன் அங்கத்துவ அட்டையை எடுத்து ஸ்கான் செய்து, பேணியை முறைப்படி தன் பெயரில் கடன் பதிந்துகொண்டு கிண்ணியாவுக்குக் கொண்டுபோனார். இரண்டு வாரத்தில், தவணை தவறாமல், தொதல் நிறைந்து திரும்பி வந்தது. வெறுமையாகத் திருப்பக் கூடாதே. அடுத்த நாள் நான் என் பெயரில் கடன் எடுத்தேன். இன்றைக்கு எங்கள் நூலகத்தில் அதிக தடவை கடன் போன பொருள் எது என்று கணினியைக் கேட்டால், 1501 என்றுதான் சொல்லும்.

இந்தத் தடவை தவணை முடிந்து இரண்டு நாள் ஆகிறது. ராத்தா லீவில் நிற்கிறார். கணினி அனுப்பியது போதாதென்று நானும் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். சற்றுமுன் பதில் வந்தது. "தொதல் சூடு இன்னும் ஆறல்ல. பொறுங்க தங்கச்சி."